மூன்று பழைய டிவிடிகளும் மிஷேல் லோன்ஸ்டேலின் குரலும்

போன மாதம் இணையத்தில் மூன்று பழைய டிவிடிகள் வாங்கினேன். தபால் செலவோடு சேர்த்து 14 யூரோ. மூன்றிலும் ஒரே நடிகர் இருக்கிறார். அவருக்காகத்தான் வாங்கினேன். பெயர் மிஷேல் லோன்ஸ்டேல். 1931இல் பாரிஸில் பிறந்து, 2020 செப்டம்பர் 21ஆம் திகதி அதே பாரிஸில் 89 வயதில் காலமான பிரெஞ்சு நடிகர். கதாநாயகனாக ஓடியாடியவர் அல்ல. பாதிரியார், பொலிஸ் அதிகாரி, கடை முதலாளி, வைத்தியர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் வந்து போனவர். முகத்தைக் காட்டினால் பிரான்ஸில் எல்லோரும் "ஓ, இவரா" என்பார்கள். பெயர் சொல்லத் தெரியாது.

எனக்கு ஏன் இவர் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு டிவிடிகளுக்கு வருகிறேன். நான் 1992இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே பிரான்ஸுக்கு வந்தேன். ஒரு உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவும் வேலை. நாள் முழுவதும் பிரெஞ்சு காதில் விழும். ஆனால் சொல் சொல்லாகப் பிரியாது, ஒரே இரைச்சலாக இருக்கும். மாலை வகுப்பில் ஆசிரியை கதைப்பது விளங்கும், தெருவில் யார் கதைத்தாலும் விளங்காது. ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். பெரிய உருவம் கொண்ட ஒரு மனிதர் ஒரு துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். என்னை யாருக்கும் பிடிக்கவில்லை, ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்கிறார். அவ்வளவும் எனக்கு விளங்கியது! எழுத்து ஒன்றும் கீழே ஓடவில்லை, அகராதியும் கையில் இல்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சில் சொன்னது நேரே எனக்குள் இறங்கிய முதல் தடவை அதுதான். அந்தப் படம் 'பெஸே வொலே' என்பதும், அந்த மனிதர் லோன்ஸ்டேல் என்பதும் பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அதுதான் நான் வாங்கிய முதல் டிவிடி. 1968இல் ஃபிரான்சுவா த்ரூஃபோ எடுத்த படம், ஒன்றரை மணி நேரம். தபாலில் வந்த பெட்டியின் மூலை வெடித்திருந்தது, தட்டில் வட்டமாகக் கீறல்கள். விற்றவர் "மிக நல்ல நிலை" என்று எழுதியிருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் படம் ஒருமுறை உறைந்து நின்றது. துடைத்துவிட்டுப் போட்டேன், ஓடியது. கீறலைப் புகைப்படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன், 2 யூரோ திருப்பித் தந்தார். பழைய டிவிடி வாங்குகிறவர்கள் தட்டின் அடிப்பக்கப் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

படத்தில் லோன்ஸ்டேலின் பெயர் ஜோர்ஜ் தபார். சப்பாத்துக் கடை முதலாளி. தன்னை எல்லோரும் வெறுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் துப்பறியும் நிறுவனத்துக்கு வருகிறார். நிறுவனம் ஜான்-பியேர் லேயோ நடிக்கும் இளைஞனைக் கடையில் வேலைக்காரனாகச் சேர்க்கத் திட்டம் போடுகிறது. வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள், சப்பாத்துப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கட்ட வேண்டும். லேயோ கட்டியது குப்பை போல இருக்கும், ஆனாலும் அவனைத்தான் எடுப்பார்கள். எல்லோரும் அந்தப் போட்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது தபார் முதன்முதல் வந்து உட்காரும் அந்தக் காட்சியைத்தான்.

அதில் அவர் செய்வது என்ன என்று கவனித்துப் பாருங்கள். தன் மீது இரக்கம் வர வேண்டும் என்று ஒரு சின்ன முயற்சிகூட இல்லை. மின்சாரக் கட்டணம் கூடியிருக்கிறதே என்று விசாரிக்க வந்தவர் போல, ஒரே சீரான குரலில், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் முடித்து, அடுத்த சொல்லுக்குப் போகிறார். நடுவே மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரியும். தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்பது அவருக்கு ஒரு தகவல். அதனால்தான் கேட்கிற நமக்கு நெஞ்சு கனக்கிறது. கண்ணீரோடு சொல்லியிருந்தால் நான் அன்று இரவே அலைவரிசையை மாற்றியிருப்பேன்.

கூச்ச சுபாவம் உள்ளவராம் அவர். அப்பா பிரித்தானிய இராணுவ அதிகாரி, அம்மா பிரெஞ்சுக்காரி. சின்ன வயதில் கேர்ன்ஸி தீவு, லண்டன், பிறகு போர்க்காலம் முழுக்க மொரோக்கோ. போர் முடிந்து பாரிஸுக்கு வந்து தானியா பலஷோவா என்ற ஆசிரியையிடம் நடிப்புப் படித்தார். முதல் படம் 1956இல். இரண்டு மொழி வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை என்பதால்தான் இரண்டையும் இவ்வளவு வடிவாக உச்சரித்தார் என்று நான் நினைக்கிறேன். என் பிள்ளைகள் தமிழையும் பிரெஞ்சையும் எப்படிக் கதைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு வந்த எண்ணம் இது. இரண்டு மொழிக்காரருக்குச் சொல்லின் ஓரங்கள் தெரியும், ஒரே மொழியில் வளர்ந்தவர் ஓரங்களை விழுங்கிவிடுவார்.

இதில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பயன் இருக்கிறது. பிரெஞ்சுப் படங்களில் பெரும்பாலும் 'மிஷேல்' லோன்ஸ்டேல் என்று போடுவார்கள், ஆங்கிலப் படங்களில் 'மைக்கேல்' லோன்ஸ்டேல். கடைகளின் இணையப் பக்கத்தில் ஒரு பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் படங்கள் வராது. இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். நான் ஒரு வருடம் 'மிஷேல்' மட்டும் போட்டுத் தேடி, இரண்டாவது டிவிடியைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த இரண்டாவது, 'த டே ஆஃப் த ஜாக்கல்'. 1973இல் ஃப்ரெட் ஸின்னமன் எடுத்தது, ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். என்னிடம் வந்தது 3 யூரோவுக்கு வாங்கிய பிரெஞ்சுப் பதிப்பு. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு ஒலித்தடமும் இருந்தன. தட்டில் ஒரு கீறல் இல்லை. படம் கொஞ்சம் மங்கல்தான், இருட்டுக் காட்சிகளில் புள்ளி தெரிகிறது. ஆனால் பெரும்பாலும் வெயிலில் எடுத்த படம் என்பதால் அது தொந்தரவாக இல்லை.

கதை 1963இல் நடக்கிறது. அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த பிரெஞ்சு ஜனாதிபதி த கோல் மீது ஆத்திரம் கொண்ட ஓ.ஏ.எஸ். என்ற இரகசிய ஆயுத இயக்கத்தார், அவரைக் கொல்ல ஒரு ஆங்கிலேயனைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவனைத் தேடும் பொறுப்பு லோன்ஸ்டேல் நடிக்கும் லெபெல் என்ற பொலிஸ் அதிகாரிக்கு வருகிறது. கொலைகாரனாக எட்வர்ட் ஃபாக்ஸ், அழகான ஆள், நல்ல உடை, நல்ல கார். லெபெலுக்கு இவை ஒன்றும் இல்லை. கசங்கிய கோட்டு, நித்திரை இல்லாத கண். ஒவ்வொரு இரவும் மந்திரிகளும் தளபதிகளும் உட்கார்ந்திருக்கும் நீள மேசை முன்னே போய், அன்று என்ன நடந்தது என்று ஒப்புவிக்க வேண்டும்.

அந்த மேசைக் காட்சிகளுக்காகவே இந்த டிவிடியை வாங்கலாம். ஒரு நாள் லெபெல் ஒலிநாடா ஒன்றைப் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கூட்டத்தில் பேசியதையெல்லாம் ஒரு பெண் தொலைபேசியில் எதிரிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேசையில் இருந்த ஒருவருக்கு அது தன் வீட்டில் இருக்கும் பெண்ணின் குரல் என்று தெரிகிறது. அவர் எழுந்து வெளியே போகிறார். பிறகு மந்திரி கேட்கிறார், யாருடைய தொலைபேசியை ஒட்டுக் கேட்க வேண்டும் என்று உமக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது, அதனால் எல்லோருடையதையும் கேட்டேன் என்கிறார் லெபெல்.

இந்த இடத்தில் லோன்ஸ்டேலின் முகத்தை மட்டும் பாருங்கள். நாட்டின் அத்தனை பெரிய மனிதரின் வீட்டுக்குள்ளும் காது வைத்தேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். வேறு நடிகர் என்றால் அங்கே ஒரு புன்னகை வைத்திருப்பார், இல்லை குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருப்பார். இவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். அவமானம் மற்றவர்களுக்கு என்றுகூட அவர் காட்டிக்கொள்வதில்லை. நான் அந்தக் காட்சியை ஆங்கிலத்தில் ஒருதரம், பிரெஞ்சில் ஒருதரம் போட்டுக் கேட்டேன். ஆங்கிலத்தில் கேளுங்கள், அதுதான் மூல ஒலி. அப்பா வழி வந்த அந்த ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சாயல் மெல்லிதாக ஓடும், அதுவே லெபெலுக்குப் பொருந்திவிடுகிறது.

படத்தின் முடிவில் கொலைகாரனை அடக்கம் செய்யும்போது அங்கே நிற்கிற ஒரே ஆள் லெபெல்தான். ஒரு வசனம் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து போகிறார். எட்வர்ட் ஃபாக்ஸைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் இந்தப் படத்தைத் தாங்குகிற தூண் லோன்ஸ்டேல் என்பது என் முடிவு.

ஒரு சின்னச் சங்கதி. இந்த இரண்டு படத்திலும் டெல்ஃபீன் ஸேரிக் இருக்கிறார். முதல் படத்தில் சப்பாத்துக் கடை முதலாளியின் மனைவி, இரண்டாவதில் கொலைகாரனிடம் மாட்டிக்கொள்ளும் சீமாட்டி. லோன்ஸ்டேலும் அவரும் சேர்ந்து நடித்த இன்னொரு படத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இடையில் ஆங்கிலப் படங்களைப் பற்றி இரண்டு வரி. 1979இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'மூன்ரேக்கர்' வில்லன் டிராக்ஸ் இவர்தான். உலகத்தில் பலருக்கு இவரை அதில்தான் தெரியும். என் மகனுக்கு அது பிடிக்கும், எனக்கு அவ்வளவு இல்லை. ஆளைக் கொல்லச் சொல்வதையும் தேநீருக்குச் சொல்வதையும் ஒரே குரலில் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் குரலுக்குள்ளே வைக்கப் படத்தில் ஒன்றும் இல்லை. 1993இல் வந்த 'த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' நல்லது. அதில் ஒரு பிரெஞ்சுப் பிரதிநிதியாக இங்கிலாந்து மாளிகை ஒன்றுக்கு மாநாட்டுக்கு வருவார். கால் வலி. சப்பாத்து கடித்துவிட்டது. ஐரோப்பாவின் தலைவிதியைப் பேச வந்தவர், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவா என்று பணியாளரைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதே நேரம் அந்தப் பணியாளரின் அப்பா மேல் மாடியில் சாகக் கிடக்கிறார். அந்தப் பிரதிநிதிக்கு அது தெரியாது. கால் வலிக்கிற மனிதனின் எரிச்சல் மட்டும்தான் முகத்தில். சின்ன வேடம்தான், எனக்கு அப்படியே நினைவில் நிற்கிறது.

சரி, மூன்றாவது டிவிடி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

'டெ ஸோம் எ டெ டியு'. மனிதர்களும் தெய்வங்களும் என்று தமிழில் சொல்லலாம். 2010இல் க்ஸாவியே போவ்வா எடுத்தது. அந்த வருடம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் விருது வாங்கியது. பிரான்ஸில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரையரங்கில் பார்த்தார்கள். மூன்று தட்டுகளில் இதுதான் சுத்தமாக வந்தது, படம் தெளிவு, ஒலி தெளிவு. என் பிரதியில் செவிப்புலன் குறைந்தவர்களுக்கான பிரெஞ்சு எழுத்து இருக்கிறது. பிரெஞ்சு படிக்கிறவர்கள் வேறு மொழி எழுத்தைப் போடாமல் இதைப் போட்டுப் பாருங்கள். கேட்கிற சொல்லும் வாசிக்கிற சொல்லும் ஒன்றாக இருக்கும். மற்ற இரண்டிலும் இது இல்லை.

கதை நடந்த கதை. அல்ஜீரியாவில் திபிரின் என்ற மலைக் கிராமத்தில் பிரெஞ்சுத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. சுற்றி முஸ்லிம் ஜனங்கள். 1990களில் அங்கே உள்நாட்டுப் போர். வெளிநாட்டவர் எல்லோரும் போய்விடுங்கள் என்று ஆயுதக் குழுக்கள் எச்சரித்தன. துறவிகள் போகவில்லை. 1996 மார்ச் 26ஆம் திகதி இரவு ஏழு பேரைக் கடத்திக்கொண்டு போனார்கள், மே மாதம் கொல்லப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் வைத்தியரான லூக் சகோதரர். 1946 முதல் அங்கே இருந்து ஊர்ச் சனங்களுக்கு மருந்து கொடுத்தவர். அவராக நடித்தவர் லோன்ஸ்டேல். இதற்குத்தான் 2011இல், 79ஆவது வயதில், சிறந்த துணை நடிகருக்கான சேஸார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருது கிடைத்தது.

படத்தில் பெரும்பகுதி ஒரே கேள்விதான், போவதா, இருப்பதா. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். சிலர் போவோம் என்கிறார்கள், அது கோழைத்தனமாகவும் காட்டப்படவில்லை. நாங்கள் கிளையில் உட்கார்ந்த பறவைகள் போல, எப்போது பறப்போம் என்று தெரியாது என்கிறார் ஒரு துறவி. ஊர்ப் பெண் ஒருத்தி சொல்கிறாள், பறவைகள் நாங்கள், நீங்கள்தான் கிளை. எங்கள் வீட்டுக் குசினியிலும் இதே கதை ஒரு காலத்தில் இரவு இரவாக நடந்தது. ஷெல் விழுகிற சத்தத்துக்கு நடுவே அப்பா "நான் வரேல்லை, நீங்கள் போங்கோ" என்று சொன்னதும் அப்படி ஒரு மேசையில்தான். படம் அந்த இடத்துக்கு வரும்போது நான் இடைநிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

லூக் சகோதரர் இந்தக் கதைக்குள் எப்படி இருக்கிறார் என்றால், வேலை செய்துகொண்டு இருக்கிறார். அவருக்கு ஆஸ்துமா, படியேறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் வாசலில் வரிசை குறையாது. பிள்ளையின் காயத்தைத் துடைக்கிறார், தாய்க்கு மருந்து கொடுக்கிறார், கால் வெறுமையாக வந்தவளுக்குச் சப்பாத்தும் தேடிக் கொடுக்கிறார். 1968இல் சப்பாத்துக் கடை வைத்திருந்த அதே கை. அந்தக் கை ஒரு கட்டுத் துணியைச் சுற்றும் விதத்தைப் பாருங்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறது, துணியைப் பார்ப்பதில்லை. என் அம்மாவைப் பார்த்த எங்கள் ஊர் வைத்தியரின் கை அப்படித்தான் இருந்தது.

அப்புறம் வாங்கில், அதாவது பெஞ்சில், உட்கார்ந்து கதைக்கும் அந்தக் காட்சி. ஊர்ப் பெண் ஒருத்தி, இளம்பிள்ளை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதல் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். ஒரு கிழவர், துறவி. புத்திமதி சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் யோசிக்கிறார். உள்ளே ஏதோ உயிர் பெறும், ஒருவர் வந்ததும் மனம் குழம்பும் என்று, தனக்கு நேற்று நடந்தது போல மெல்ல மெல்லச் சொல்கிறார். நீங்கள் காதலித்தீர்களா என்று அவள் கேட்கிறாள். பலமுறை என்கிறார். பிறகு இன்னொரு, அதைவிடப் பெரிய அன்பு வந்தது, அறுபது வருடமாக அதோடு இருக்கிறேன் என்கிறார். கடவுள் என்ற சொல்லை ஓங்கிச் சொல்லிப் பிரசங்கம் செய்வதில்லை. வாழ்க்கை முழுவதும் திருமணம் செய்யாமல், ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையோடு இருந்தவர் லோன்ஸ்டேல். நடிக்கிறாரா, தன் கதையைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு நிஜமானது.

படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு இரவுச் சாப்பாடு. லூக் இரண்டு வைன் போத்தல்களைக் கொண்டுவந்து வைக்கிறார், கசெட்டில் சைக்கோவ்ஸ்கியின் 'அன்னத் தடாகம்' இசையைப் போடுகிறார். ஒரு வசனம் இல்லை. கமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. சிரிப்பவர்கள், பிறகு கண் கலங்குபவர்கள். இந்தக் காட்சி மட்டும் தொலைக்காட்சியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் வீணாகும். மகளின் ஒலிபெருக்கியை வாங்கி இணைத்து இரண்டாம் தரம் பார்த்தேன். அப்படிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். இரண்டு என்றால் ஜாக்கலையும் சேருங்கள். 'பெஸே வொலே' கதாநாயகனுடைய படம், லோன்ஸ்டேல் வரும் நேரம் குறைவு. ஆனால் பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த முதல் காட்சியே போதும், நான் என் தங்கையின் மகளுக்கு அதைத்தான் போட்டுக் காட்டினேன். வந்து நான்கு மாதம் ஆகிறது அவளுக்கு. "பெரியம்மா, இவர் சொல்றது விளங்குது" என்றாள்.

மேலே சொல்கிறேன் என்ற படம் 'இந்தியா சோங்'. மார்கெரித் துராஸ் 1975இல் எடுத்தது. கதை 1930களின் கல்கத்தாவில் நடக்கிறது, ஆனால் எடுத்தது பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில். ஸேரிக் தூதரின் மனைவி, லோன்ஸ்டேல் லாகூரிலிருந்து பழியோடு வந்த துணைத் தூதர். திரையில் யாருடைய வாயும் அசையாது, குரல்கள் வேறு எங்கிருந்தோ வரும். வாழ்நாள் முழுவதும் குரலை உயர்த்தாத மனிதர் அதில் இரவு முழுக்க அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். நகரசபை நூலகத்தில் ஒருமுறை இரவல் எடுத்துப் பார்த்தேன், இப்போது அங்கே அந்தத் தட்டு இல்லை. கீறல் இல்லாத ஒரு பிரதி, நியாயமான விலையில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அடிப்பக்கப் புகைப்படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள்.